தாகம் எடுக்காத வயதில் தண்ணீர்

சித்திரை பிறந்து கத்திரி வெயில் ஏறும்போது வீட்டில் எல்லோருக்கும் தாகம் கூடும். எண்பதைத் தொட்ட பாட்டிக்கு மட்டும் கூடாது. காலையில் ஒரு காபி, மாத்திரைக்கு இரண்டு மடக்குத் தண்ணீர், மதியம் சாப்பாட்டோடு அரை டம்ளர், இரவில் மறுபடி மாத்திரைக்கு இரண்டு மடக்கு. அவருடைய நாள் அத்தோடு முடிந்துவிடும். "தண்ணி வேணுமா பாட்டி?" என்று கேட்டால் "வேண்டாம்பா, தாகமே இல்ல" என்பார். அவர் சொல்வது உண்மை. அவருக்குத் தாகம் எடுக்கவில்லை. அந்தப் பதிலோடு நாம் திரும்பிவிடுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

உடம்பில் நீர் குறையும்போது மூளை தாகத்தைக் கிளப்ப வேண்டும். வயது ஏற ஏற அந்த உணர்வு மந்தமாகிறது. சிறுநீரகங்களும் நீரைப் பிடித்துவைக்கும் திறனை மெல்ல இழக்கின்றன. உடம்பு வறண்டு கிடந்தாலும் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். கையிருப்பும் குறைவு. இளவயதில் உடல் எடையில் சுமார் 60 விழுக்காடு நீர். தசை கரைந்த முதுமையில் அது 50 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. 50 கிலோ எடையுள்ள பாட்டி 1 லிட்டர் நீரை இழந்தால் அது எடையில் 2 விழுக்காடு. பேரனுக்கு வெறும் தலைவலியோடு போகிற இந்த இழப்பு, பாட்டிக்குத் தலைசுற்றலாகும். கட்டிலிலிருந்து எழும்போது தடுமாறி விழுவார். இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காரணம் தெரியாத சோர்வு, திடீர்க் குழப்பம் என்று முதியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பலவற்றின் பின்னாலும் நீர் வறட்சி ஒளிந்திருக்கும்.

தமிழ்நாட்டு வெயில் இரண்டு விதமாக வாட்டுகிறது. கரூர் பரமத்தி, வேலூர், ஈரோடு, திருச்சி போன்ற உள்மாவட்ட ஊர்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வியர்ப்பது தெரியாமலேயே காய்ந்துவிடும். எனவே எவ்வளவு நீர் போனது என்ற கணக்கு யாருக்கும் பிடிபடாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் வெப்ப அளவு சற்றுக் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், காயாது, உடம்பும் குளிராது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்றதும் சாலையில் மயங்கி விழுபவர்தான் கண்முன் வருவார். ஆனால் வீட்டுக்குள்ளேயே, நிழலிலேயே, மின்விசிறிக்கு அடியிலேயே முதியவர்கள் வறண்டுபோகிறார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வாழ்ந்தவர்கள் பலர். ஊரே கோடை விடுமுறைக்குப் போயிருந்த மாதம் அது.

முதலில் கழிப்பறையைப் பாருங்கள்

முதியவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் டம்ளரில் தொடங்குகிறார்கள். நான் கழிப்பறையில் தொடங்கச் சொல்வேன். தாகம் எடுக்காதது பாதிக் காரணம்தான். மறுபாதியை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும், போவது கடினம், ஆகவே குடிப்பதில்லை.

முழங்கால் தேய்ந்தவருக்குத் தரையோடு இருக்கும் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது ஒவ்வொரு முறையும் வேதனை. கிராமத்து வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது; இரவில் இருட்டு, படி, ஈரத்தரை, நாய். அடக்க முடியாமல் புடவையிலோ வேட்டியிலோ கசிந்துவிட்டால் ஏற்படும் கூச்சம் வேறு. ஒருமுறை மருமகள் முன்னால் அப்படி நேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மாமியார் மாலை நாலு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீரைத் தொடமாட்டார். புராஸ்டேட் வீங்கிய ஆண்கள் இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருப்பதால் பகல் முழுக்கத் தண்ணீரைச் சுருக்கிக்கொள்வார்கள். பேருந்தில் போகும் நாட்களில் பெண்கள் காலையிலிருந்தே குடிக்காமல் கிளம்புவது நம் ஊரில் வயது வித்தியாசம் இல்லாத வழக்கம். வயதானவர்களுக்கு அது தாங்காது.

ஆகவே கோடை தொடங்கும் முன் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே ஒருமுறை இரவில், விளக்கில்லாமல் நடந்து பாருங்கள். எங்கே தடுக்குகிறது, எங்கே வழுக்குகிறது, கையைப் பிடிமானமாக எங்கே ஊன்றலாம் என்பது தெரியும். அந்த வழியில் இரவெல்லாம் எரியும் சின்ன விளக்கு ஒன்று, சுவரில் கைப்பிடி, தரையில் வழுக்காத விரிப்பு. தரைக் கழிப்பறையின் மேல் வைத்துக்கொள்ளும் நாற்காலி மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளும் வாளி பொருத்திய கமோடு நாற்காலியும் கிடைக்கிறது. ஆண்களுக்கு மூடியுள்ள யூரின் கேன் போதும். என் அனுபவத்தில் இந்த ஏற்பாடுகள் வந்த வீட்டில், யாரும் வற்புறுத்தாமலேயே தண்ணீர் குடிப்பது கூடிவிடுகிறது.

இதைப் பற்றி யார் பேசுவது என்பதும் முக்கியம். மாமனாரிடம் மருமகள் கேட்டால் அவர் மழுப்புவார். மகன் கேட்கலாம், கொஞ்சம் வளர்ந்த பேரன் இன்னும் இயல்பாகக் கேட்கலாம். அம்மாவிடம் மகள் கேட்பதே நல்லது. "ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிறீங்க?" என்று தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரவில் அடிக்கடி எழுவதைக் குறைக்க, பகலில் குடிப்பதைக் குறைப்பது தவறான வழி. பகலெல்லாம் நின்றும் உட்கார்ந்தும் இருப்பதில் கணுக்காலில் இறங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் கலந்து சிறுநீராகிறது. அதனால் மாலையில் ஒரு மணிநேரம் காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் அந்த நீர் தூங்கப் போகும் முன்பே கழிந்துவிடும். நாளுக்குரிய தண்ணீரில் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் முடித்துக்கொள்வதும் உதவும். குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். சிலருக்கு அதனாலேயே அவசரம் கூடுகிறது. புதிதாகத் தொடங்கிய கசிவையும் வயதின் விதி என்று விட்டுவிட வேண்டாம். அதற்கு வைத்தியம் உண்டு.

எவ்வளவு போதும்?

மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியக் கழகம் முதியவர்களுக்குச் சொல்லும் அளவு, பெண்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர். இது குடிக்கும் பானங்களின் கணக்கு. சாதம், காய், பழத்தில் இருக்கும் நீர் தனி. அது குளிர்நாட்டுக் கணக்கு என்பதால் நம் கோடையில் இதற்கு மேல் ஓரிரு டம்ளர் தேவைப்படும். தண்ணீர் மட்டுமல்ல, மோர், ரசம், கஞ்சி, பால், காபி, டீ எல்லாம் இதில் சேரும். காபி, டீ குடித்தால் உடம்பு வறளும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு இரண்டு மூன்று டம்ளர் அளவில் அது கணக்கில் சேரும் நீர்தான். பாட்டியின் காபியை நிறுத்தி அவருடைய ஒரே விருப்பப் பானத்தையும் பறிக்க வேண்டாம். மது மட்டும் கணக்கில் சேராது.

லிட்டர் கணக்கு வீட்டில் உதவாது, டம்ளர் கணக்கு உதவும். 1 லிட்டர் பாட்டில் தண்ணீரை அவர் வழக்கமாகக் குடிக்கும் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து டம்ளர் வந்தால் ஒன்று 200 மி.லி.; பெண்ணுக்கு எட்டு, ஆணுக்குப் பத்து. சில வீடுகளில் டம்ளரே 120 மி.லி.தான் இருக்கும், அங்கே எட்டு டம்ளர் குடித்தாலும் ஒரு லிட்டர்கூட நிரம்பாது.

இந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் தண்ணீருக்கு வரம்பு கட்டியிருப்பார். கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் உள்ளவருக்கு "வெயில் காலம், நிறையக் குடிங்க" என்று ஊற்றிக் கொடுத்தால் நுரையீரலில் நீர் சேரும். அவர்களுக்கு மார்ச் மாதமே மருத்துவரிடம் போய், "கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை மி.லி. குடிக்கலாம்?" என்று எண்ணாகக் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள். "அளவா குடிங்க" என்ற பதிலோடு வந்துவிட வேண்டாம். வரம்பே இல்லாதவர்களுக்கும் ஒரே மூச்சில் சொம்பு சொம்பாகக் கொடுப்பது நல்லதல்ல. இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும் வரலாம். நீர் மாத்திரையும் சில மனநல மாத்திரைகளும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

அடுக்களையில் என்ன இருக்கிறது

வெறும் தண்ணீர் பிடிக்காத முதியவர்கள் ஏராளம். நாக்கின் சுவை மங்கிய வயதில் அது ஒரு சடங்காகத் தெரிகிறது. நம் சமையலில் நீர் மறைந்திருக்கும் பண்டங்கள் மிகுதி என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. வெயில் காலச் சாப்பாட்டைக் கொஞ்சம் மாற்றியமைத்தாலே இரண்டு மூன்று டம்ளர் நீர் தானே உள்ளே போய்விடும்.

காலையில் பழைய சோற்றை நீராகாரத்தோடு, மோர் சேர்த்து, சின்ன வெங்காயத்துடன் கொடுத்தால் ஒரு டம்ளருக்கு மேல் நீர் சேர்ந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் சோற்றைக் குறைத்து நீரைக் கூட்டிக்கொள்ளலாம். கம்பங்கூழ், கேப்பைக்கூழைக் கரைத்துக் குடிக்கும் பதத்தில் கொடுங்கள். மதியம் ரசத்தைச் சாதத்தில் ஊற்றியது போக ஒரு கிண்ணம் தனியாக. கறிக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி, புடலை. பதினொரு மணிக்கு வெள்ளரிப்பிஞ்சு, பல் இல்லாதவர்களுக்கு அதையே சீவி மோரில் கலந்து. நான்கு மணிக்குத் தர்பூசணித் துண்டுகள். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். நுங்கு கிடைக்கும் இரண்டு மாதங்களில் தோல் நீக்கிய நுங்கைப் போல முதியவர்களுக்கு இதமான பண்டம் வேறில்லை.

இவற்றில் நீர்மோருக்கே நான் முதலிடம் தருவேன். ஒரு பங்கு தயிருக்கு நான்கைந்து பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு சிட்டிகை பெருங்காயம். சர்க்கரை நோயாளியும் குடிக்கலாம், விலை குறைவு, கேட்காமலேயே பிடிக்கும். உப்பில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருப்பவர் வியர்வையில் இழக்கும் உப்பை வழக்கமான சாப்பாடே ஈடுகட்டிவிடும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மோரில் உப்பே வேண்டாம். இஞ்சியும் கறிவேப்பிலையும் அந்தக் குறையைத் தெரியாமல் செய்துவிடும்.

இளநீர் விஷயத்தில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். நல்ல பானம்தான். ஆனால் ஒரு டம்ளர் இளநீரில் ஒரு பெரிய வாழைப்பழத்தில் இருக்கும் அளவுக்குப் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும், டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கக்கூடும். அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் இளநீர் குடிக்கக் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிப் போவது நம் பண்பு. சிறுநீரக நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் வேறு ஏதாவது வாங்கிப் போகலாம்.

பானகம், நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், பாட்டில் குளிர்பானம் ஆகியவை சர்க்கரை நோயாளிக்கு நீரைக் கொடுப்பதுபோல் கொடுத்து வாங்கிக்கொள்ளும். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டியதும் சிறுநீரில் இறங்கத் தொடங்கும். இறங்கும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கோடையில் வழக்கத்துக்கு மாறாகத் தாகமும் சிறுநீரும் கூடினால், வெயிலைக் குறை சொல்லிவிட்டு இருந்துவிடாமல் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு வாய்ப்பாட்டின்படி 1 லிட்டர் கரைசலுக்கான பொட்டலத்தில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் அலைந்து கொட்டிய வியர்வை ஆகியவற்றுக்கு அது அருமருந்து. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து 24 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாதிப் பொட்டலம், கண்ணளவுத் தண்ணீர் எல்லாம் கூடாது. பொட்டலம் கையில் இல்லாதபோது 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். ஆனால் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் உள்ள சோடியம் 4 கிராமுக்கு மேற்பட்ட உப்புக்குச் சமம். ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பே 5 கிராமுக்கும் குறைவுதான். எனவே இதைத் தினசரிக் கோடைப் பானமாக்க வேண்டாம். கடையில் அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு விற்பது வேறு பொருள். அந்த வாய்ப்பாட்டுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு, பொட்டலத்தின் பின்பக்கம் படித்து வாங்குங்கள்.

கொடுக்கும் விதம்

"தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "குடிச்சேன்" என்ற பதில் தயாராக இருக்கும். "வேணுமா?" என்றும் வேண்டாம். டம்ளரைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள். அல்லது "மோர் எடுத்துட்டு வரட்டுமா, ரசமா?" என்று கேளுங்கள், இரண்டில் ஒன்று உறுதியாகிவிடும்.

தாகத்தை நம்ப முடியாதபோது கடிகாரத்தையும் பழக்கத்தையும் நம்ப வேண்டும். எழுந்து பல் துலக்கியதும் ஒரு டம்ளர், பூசையோ தொழுகையோ ஜெபமோ முடிந்ததும் ஒன்று, மாத்திரைக்கு இரண்டு மடக்குக்குப் பதில் முழு டம்ளர், தொலைக்காட்சித் தொடர் தொடங்கும்போது ஒன்று, கழிப்பறைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் அரை டம்ளர். இப்படி ஏற்கனவே இருக்கும் வழக்கங்களோடு கட்டிவிட்டால் நினைவூட்டத் தேவையில்லை. ஒரேயடியாக நிறையக் குடித்தால் பசி கெடும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் குறைத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது ஆசாரமாகவே வளர்ந்திருக்கிறது. கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்குத் தலையைப் பின்னால் சாய்த்தால் தலைசுற்றும்; விழுங்கும் தசைகள் தளர்ந்தவர்களுக்கு அந்த நிலையில் மூச்சுக்குழாய் திறந்துகிடக்கும், புரையேறும். இரண்டு முறை புரையேறினால் பயந்துபோய்க் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் வைத்து, அதில் வாய் வைத்துச் சப்பிக் குடிக்கச் சொல்லுங்கள். "எச்சில் பண்ணலாமா" என்று தயங்குபவர்களுக்கு அந்தத் தனி டம்ளரே பதில். கை நடுக்கம் உள்ளவருக்குப் பாதி நிரப்பிய, இரண்டு பக்கமும் பிடியுள்ள கோப்பை வசதி. சொம்பும் எவர்சில்வர் பானையும் தூக்கக் கனமானால் அரை லிட்டர் பாட்டில்கள் இரண்டை நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மூடியைக் கொஞ்சம் தளர்த்தியே வையுங்கள். தேய்ந்த விரல்களுக்கு இறுகிய மூடி ஒரு பூட்டு.

பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி, முற்றிய மறதி நோயாளி ஆகியோருக்குத் தண்ணீர் மெலிதாக இருப்பதாலேயே நுரையீரலுக்குள் போய்விடும். குடித்ததும் இருமல், குரல் நீர் கோத்ததுபோல் மாறுதல், அடிக்கடி நிமோனியா ஆகியவை இதன் அடையாளங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றே மார்புப் பக்கம் தாழ்த்தி, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்க வேண்டும். கெட்டியான கஞ்சி, கூழ் பதத்தில் கொடுப்பது பலருக்கு உதவும். எந்தப் பதம் என்பதை விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். படுத்த நிலையில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்.

மறதி நோய் உள்ளவர் டம்ளரைப் பார்த்தும் அது எதற்கென்று மறந்திருப்பார். வெளிர்நிற மேசையில் பளிச்சென்ற வண்ண டம்ளர் வைத்தால் கண்ணில் படும். நீங்கள் குடிப்பதைப் பார்த்து அவரும் குடிப்பார். அவசரப்படுத்தினால் வாயை மூடிக்கொள்வார்.

விரத நாட்கள் தனிக் கவலை. ஏகாதசி, சஷ்டி, நோன்பு என்று வருஷக்கணக்காகக் கடைப்பிடித்தவரிடம் "விட்டுடுங்க" என்று சொன்னால் மனம் நோகும். தண்ணீரும் மோரும் பழமும் சேர்ந்த விரதமாக மாற்றிக்கொள்ளலாமா என்று பேசிப் பார்க்கலாம். நீர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் விரதத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கும் கோயில் வரிசைக்கும் அழைத்துப் போகும்போது, நீர்மோர்ப் பந்தல் இருக்கும் என்று நம்பாமல் கையில் பாட்டிலோடு போங்கள், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். இன்னொன்று: காலையில் வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்றால் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு வெறும் தண்ணீர் குடிக்கலாம்.

மாத்திரைப் பெட்டி

முதியவரின் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கோடை தொடங்கும் முன் மருத்துவரிடம் போவது மிகப் பயனுள்ள வேலை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வரும் குடும்பங்கள், மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமே இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

பியூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற நீர் மாத்திரைகள் நேரடியாகவே நீரை வெளியேற்றும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே அனுப்புவதால் நீரும் கூடப் போகும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள், வறண்ட உடம்பில் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். நீர் மாத்திரையும் டெல்மிசார்டன் வகையும் சேர்ந்திருந்தால் தாக்குதல் இன்னும் கடுமை. இந்த மூன்றும் ஒரே பையில் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் தரும் சில மாத்திரைகள் வியர்வையை அடக்கி உடம்பு குளிராமல் செய்யும்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: கோடையில் நீர் மாத்திரையின் அளவு மாற வேண்டுமா? அதைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளலாமா? வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கு எதையெல்லாம் நிறுத்திவைக்க வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும்? பதிலை மாத்திரைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

மாத்திரைகளைப் போலவே வீட்டின் சூட்டையும் கவனிக்க வேண்டும்; அதைத் தணித்தால் தண்ணீர்த் தேவையும் குறையும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்கு அடியிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழேயும் இருக்கும் அறை இரவிலும் ஆறாது. மே மாதத்தில் முதியவரின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கோ தாழ்வாரத்துக்கோ மாற்றுங்கள். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மின்விசிறி மட்டும் போதாது, சூடான காற்றையே அது உடம்பில் வீசும். ஈரத்துணியால் கைகால் துடைத்துவிட்டுப் பிறகு விசிறியைப் போட வேண்டும்.

எப்போது பயப்பட வேண்டும்

புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்ப்பது, சிறுநீரின் நிறம் பார்ப்பது ஆகியவை முதியவர்களிடம் நம்பத்தக்கவை அல்ல. வயதான தோல் எப்போதுமே மெதுவாகத்தான் திரும்பும். வாயால் மூச்சுவிடுபவருக்கு நாக்கு எப்போதும் வறண்டிருக்கும். நீரைப் பிடித்துவைக்கத் தெரியாத சிறுநீரகம் வறட்சியிலும் வெளிர்நிறச் சிறுநீரையே அனுப்பும். உறுதியாகச் சொல்வது இரத்தப் பரிசோதனைதான்.

வீட்டில் பார்க்க வேண்டியது மாற்றத்தை. வாரத்தில் இரண்டு நாள், காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு கிலோ குறைந்தால் அது பெரும்பாலும் நீர்தான். இரத்த அழுத்தக் கருவி இருந்தால் படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேற்றுவரை செய்தித்தாள் படித்தவர் இன்று பக்கம் புரட்டாமல் வைத்திருக்கிறார், பேரன் பெயரை மாற்றிச் சொல்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார், எழும்போது தள்ளாடுகிறார் என்றால் வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் வரும் குழப்பம் வயதால் வருவதில்லை.

எட்டு மணிநேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காதது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, வாந்தியால் எதுவும் உள்ளே தங்காதது, வலிப்பு, காய்ச்சல்மானியில் 104 டிகிரி பாரன்ஹீட் ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலுக்கு மாற்றி, உடைகளைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். வெப்பத்தால் ஏறிய சூட்டுக்குப் பாரசிட்டமால் பயன்படாது. முழு நினைவோடு இருந்தால் மட்டும் சிறு மடக்குகளாகக் குடிக்கக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் ஒரு துளிகூட ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள், சர்க்கரை தாழ்ந்தாலும் இதே தோற்றம்தான் வரும்.

தனியாக இருப்பவர்களுக்கு

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அம்மா மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. தொலைபேசியில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "நல்லா இருக்கியாம்மா" என்றால் "நல்லா இருக்கேன்" என்பதே பதில். "டம்ளரை எடுத்துட்டு வந்து உட்காரும்மா, பேசலாம்" என்று தொடங்கி, நீங்கள் அந்தப் பக்கம் காபி குடிக்க, அவர் இந்தப் பக்கம் மோர் குடிக்கப் பத்து நிமிடம் பேசுங்கள். காலை பத்து மணி, பிற்பகல் மூன்று மணி, இரண்டு அழைப்பு. காலையில் நிரப்பிவைத்த இரண்டு பாட்டிலில் எது எதுவரை காலியாகியிருக்கிறது என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பேச்சு வழக்கத்தைவிட மெதுவாகவோ தடுமாறியோ இருந்தால் உடனே யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு ஆள் யார் என்பதைக் கோடைக்கு முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவர், தெருமுனைக் கடைக்காரர், வேலைக்கு வரும் அக்கா என்று இரண்டு பேரின் எண்களாவது உங்களிடம் இருக்கட்டும். ஆள் இல்லாதபோது முதியோர் உதவி எண் 14567-ஐயும், மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐயும் அழைக்கலாம். வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று அந்தப் பக்கத்து வீட்டாரிடம் இருக்கட்டும். நோய்களின் பெயர், மாத்திரைகளின் பட்டியல், பார்க்கும் மருத்துவரின் எண், மருத்துவர் சொன்ன தண்ணீர் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். 108-இல் வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.